குறையும் நடைகள்: வடமேற்கு நைஜீரியாவில் கொள்ளைக் கும்பல்களும் வாகன ஓட்டுநர்களின் பிழைப்பும்

நெடுஞ்சாலையில் ஒரு வேனை ஆயுதக் கும்பல் மறித்தது, பயணிகளைக் காட்டுக்குள் இழுத்துச் சென்றது, பிணைத்தொகை கேட்டது என்ற செய்திகள் வடமேற்கு நைஜீரியாவிலிருந்து பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. அச்செய்திகளில் ஓட்டுநரைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். கிராமப்புறக் கொள்ளை என்னும் இந்தச் சிக்கல் வாடகை வாகன ஓட்டுநர்களின் வருமானத்தை எப்படி அரிக்கிறது என்பதை, அந்நாட்டைப் பற்றி அதிகம் அறியாதவர்களுக்கும் புரியும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். தன் வாழ்நாளில் ஒரு துப்பாக்கியைக்கூட நேரில் பார்த்திராத ஓட்டுநரும் இந்தக் கொள்ளையால் வருமானத்தை இழக்கிறார்; எண்ணிக்கையில் பார்த்தால் அப்படிப்பட்டவர்களே மிகுதி.

முதலில் பின்னணி. சாம்ஃபாரா, கட்சினா, சொக்கோட்டோ, கெப்பி, கடுனா ஆகிய மாநிலங்களும், அவற்றை ஒட்டியுள்ள நைஜர் மாநிலமும் இந்தச் சிக்கலின் களம். (நைஜர் என்ற பெயரில் வடக்கே ஒரு தனி நாடும் உண்டு, இங்கே குறிப்பிடப்படுவது நைஜீரியாவுக்குள் இருக்கும் மாநிலம்.) இப்பகுதியில் ஹவுசா மொழி பேசும் உழவர்களும் ஃபுலானி மேய்ச்சல்காரர்களும் நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்துவந்தவர்கள். மேய்ச்சல் வழிகள் வயல்களாக மாறின, நிலத்துக்கும் நீருக்கும் தகராறுகள் மூண்டன, மாட்டுத்திருட்டு பெருகியது. ஊர்களைக் காக்கவென்று எழுந்த 'யான் சகாய்' என்னும் காவற்படையினர், குற்றவாளி யார், அப்பாவி யார் என்று பாராமல் ஃபுலானிகளைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதற்குப் பழிவாங்கும் தாக்குதல்கள் தொடங்கின. 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாம்ஃபாராவில் உருப்பெற்ற ஆயுதக் கும்பல்கள் தொடக்கத்தில் மாடுகளைக் கவர்ந்தன. மாடுகள் குறைந்த பிறகு, ஆள்கடத்தல் அதைவிட நல்ல வருவாய் தரும் தொழிலாக அவற்றுக்குத் தெரிந்தது. ருகு, கமுகு, குயம்பனா போன்ற காடுகள் ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் பரவிக் கிடப்பதால், மோட்டார் சைக்கிளில் வந்து தாக்கிவிட்டு எல்லை கடந்து மறைவது எளிதாக இருக்கிறது. 2022 ஜனவரியில் நைஜீரிய நடுவணரசு இக்கும்பல்களைப் பயங்கரவாதிகளாக அரசிதழில் அறிவித்தது. ஆனால் பெரும்பாலான கும்பல்களுக்குக் கொள்கை என்று ஒன்று இல்லை, பணமே குறி. சாலையில் பணம் நடமாடுவதால் அவை சாலைக்கு வருகின்றன.

ஓட்டுநரின் கணக்கு

இனி ஓட்டுநரின் பக்கம் வருவோம். வடநைஜீரிய நகரங்களில் 'டாஷா' எனப்படும் வண்டிப்பேட்டைகளிலிருந்துதான் ஊர்விட்டு ஊர் செல்லும் வண்டிகள் புறப்படும். குறுகிய தொலைவுக்கு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார்கள், நீண்ட தொலைவுக்கு அதே நிறுவனத்தின் ஷாரன் கார்களும் டொயோட்டா ஹையேஸ் வேன்களும், ஊருக்குள் மூன்றுசக்கர வண்டிகளும் 'அச்சாபா' என்னும் வாடகை மோட்டார் சைக்கிள்களும், சரக்குக்கு லாரிகளும் டிரெய்லர்களும் ஓடுகின்றன. பேட்டையில் வண்டிகளுக்கு முறை உண்டு. முறை வந்த வண்டி எல்லா இருக்கைகளும் நிரம்பிய பிறகே கிளம்பும். கால அட்டவணை கிடையாது. ஆள் சேர்ப்பவருக்குத் தரகு, தொழிற்சங்கத்துக்குச் சீட்டுப்பணம், வழியில் சோதனைச்சாவடிகளில் கொடுத்தாக வேண்டிய 'ஏதோ கொஞ்சம்' என்று ஒவ்வொரு நடைக்கும் செலவுகள் இருக்கின்றன. 1978-இல் உருவான தேசியச் சாலைப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் இப்பேட்டைகளில் செல்வாக்குப் பெற்றது.

வண்டி பெரும்பாலும் ஓட்டுநருடையது அன்று. உரிமையாளருக்கு நாள்தோறும் அல்லது வாரந்தோறும் ஒரு நிலையான தொகையைக் கட்டிவிட்டு மிச்சத்தை ஓட்டுநர் எடுத்துக்கொள்வது ஒரு வழக்கம்; தவணை முறையில் கட்டிமுடித்து வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது இன்னொரு வழக்கம். நம் ஊரில் நாள் வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுபவரின் நிலையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வாடகை வாடகைதான்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். ஒரு நடைக்குப் பயணிகளிடமிருந்து 10,000 நைரா (நைஜீரிய நாணயம்) வருகிறது. எரிபொருளுக்கு 4,000, பேட்டையிலும் வழியிலும் கொடுப்பவற்றுக்கு 1,000 போனால் 5,000 மிஞ்சும். நாளொன்றுக்கு நான்கு நடை ஓடினால் 20,000. உரிமையாளருக்கு 10,000 கட்டினால் ஓட்டுநர் வீட்டுக்கு 10,000 கொண்டுபோகலாம். இப்போது ஒரே ஒரு நடை குறைகிறது என்று வையுங்கள். மூன்று நடைக்கு 15,000; உரிமையாளருக்கு அதே 10,000; ஓட்டுநருக்கு 5,000. நடைகள் கால் பங்கு குறைந்ததற்கு வருமானம் பாதியாகிவிட்டது. இரண்டு நடைதான் ஓட முடிந்தது என்றால் கையில் ஒன்றும் நிற்காது. பாதுகாப்பு கருதிச் சுற்றுவழியில் போய் எரிபொருள் செலவு 6,000 ஆனால், மூன்று நடை ஓடியும் 9,000-தான் சேரும். உரிமையாளருக்கே 1,000 கடன் நிற்கும்.

இந்தச் சிக்கலின் உள்ளமைப்பு முழுவதும் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது. கொள்ளையால் ஏற்படும் நட்டத்தை உரிமையாளரும் சங்கமும் சாவடியும் ஓட்டுநரோடு பங்கிட்டுக்கொள்வதில்லை. எல்லாரும் தமக்குரியதை எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சுவதுதான் அவர் கூலி. எனவே எங்கே குறைந்தாலும் அந்தக் கூலியில்தான் குறையும்.

நடைகள் எப்படிக் குறைகின்றன

முதலில் போவது இரவு. சூடு மிகுந்த அந்நிலத்தில் அதிகாலையும் இரவும் நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு ஏற்ற நேரங்கள். ஆபத்தான சாலைகளில் மாலைக்கு முன்பே ஊர் சேர்ந்துவிட வேண்டும் என்ற நிலை வந்தபோது, வேலைநாளின் நீளமே சுருங்கிப்போயிற்று. பிற்பகலில் வண்டி நிரம்பத் தாமதமானால், கிளம்புவதா மறுநாள் பார்த்துக்கொள்வதா என்று ஓட்டுநர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கிளம்பாவிட்டால் அன்றைய வாடகைக்கு வழியில்லை. கிளம்பினால் இருட்டுவதற்குள் காட்டுப்பகுதியைக் கடக்க வேண்டும். அந்த அவசரத்தில் குண்டும் குழியுமான சாலையில் வேகமாக ஓட்டுவதால் வரும் விபத்துகளை யாரும் கொள்ளைக் கணக்கில் எழுதுவதில்லை. சாலை பழுதான இடமே பதுங்கித் தாக்க வாய்ப்பான இடம் என்பதும் கவனிக்கத்தக்கது. வண்டி வேகம் குறைத்தாக வேண்டிய குழிகளின் அருகில்தான் கும்பல் காத்திருக்கும்.

அடுத்துக் குறைவது பயணிகள். இதற்கு அபுஜா–கடுனா நெடுஞ்சாலையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தலைநகரையும் வடக்கின் முக்கிய நகரங்களில் ஒன்றையும் இணைக்கும் இச்சாலை கடத்தலுக்குப் பெயர்போனதாக மாறியபோது, 2016 ஜூலையில் தொடங்கப்பட்ட 186 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு வசதியுள்ளவர்கள் மாறினார்கள்; இருக்கைகளுக்குப் போட்டி கடுமையாயிற்று. சாலையில் எஞ்சியவர்கள் ரயில்சீட்டுக் கிடைக்காதவர்கள், சிறு வியாபாரிகள், இடைப்பட்ட கிராமங்களில் இறங்குபவர்கள். 2022 மார்ச் 28 அன்று தண்டவாளத்தில் வெடிவைத்து ரயிலையே தாக்கினார்கள். குறைந்தது எட்டுப் பேர் இறந்தனர், அறுபதுக்கும் மேற்பட்டோர் கடத்தப்பட்டனர், கடைசிப் பிணையாளிகள் அக்டோபரில்தான் விடுவிக்கப்பட்டனர். டிசம்பரில் ரயில் மீண்டும் ஓடும்வரை பயணிகள் சாலைக்கே திரும்ப வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் சாலை ஓட்டுநர்களுக்குச் சவாரி கூடியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தச் சவாரி, ரயிலையே மறிக்கத் துணிந்தவர்கள் நடமாடும் பகுதியின் வழியாகச் செல்லும் சவாரி.

மூன்றாவது, சந்தை. வடமேற்கின் கிராமப் பொருளாதாரம் வாரச்சந்தைகளைச் சுற்றி இயங்குவது. எந்த ஊரில் எந்தக் கிழமை சந்தை என்பதை வைத்தே ஓட்டுநர் தன் வாரத்தை வகுத்துக்கொள்கிறார். சந்தை நாளில் போகும்போதும் வரும்போதும் வண்டி நிறையும். கும்பல்கள் பல சிற்றூர்களில் விதைக்கவும் அறுக்கவும் உழவர்களிடம் வரி தண்டுகின்றன. அறுவடை குறைந்தால் ஏற்றுவதற்குச் சரக்கும் குறைகிறது. இது போதாதென்று 2021-இல் சாம்ஃபாரா அரசு பாதுகாப்பு நடவடிக்கையாக வாரச்சந்தைகளை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் அம்மாநிலத்தில் கைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டது. கும்பல்களுக்குத் தகவல் போவதைத் தடுக்க எடுத்த முடிவு அது. எதிர்த்திசையில் வரும் நண்பரை அழைத்து 'வழி எப்படி இருக்கிறது?' என்று கேட்டுவிட்டுக் கிளம்பும் ஓட்டுநருக்கோ, இருந்த ஒரே முன்னெச்சரிக்கையும் போயிற்று.

அரசின் கட்டுப்பாடுகளை இங்கே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஓட்டுநர்களின் இழப்பில் ஒரு பெரும்பகுதி கொள்ளையரிடமிருந்து நேராக வராமல், கொள்ளையரை ஒடுக்க எடுத்த நடவடிக்கைகளின் வழியாக வருகிறது. 2021 ஆகஸ்ட் இறுதியில் கட்சினா ஆளுநர் பிறப்பித்த ஆணை ஒரு நல்ல சான்று. ஜிபியாவிலிருந்து குர்பின் பவுரே செல்லும் சாலை எல்லா வாகனங்களுக்கும் மூடப்பட்டு, ஃபுந்துவா வழியாகச் சுற்றிப்போகுமாறு அறிவுறுத்தப்பட்டது. கங்காரா–ஷேமே சாலை வாடகை வாகனங்களுக்கு மட்டும் மூடப்பட்டது. சொந்தக் கார்கள் அதில் போகலாம். காட்டிலிருந்து விறகு ஏற்றிவரும் லாரிகளுக்குத் தடை, பல வட்டாரங்களில் கால்நடை விற்பனைக்குத் தடை, மாநிலத்துக்கு வெளியே கால்நடை கொண்டுசெல்லத் தடை, கேனில் பெட்ரோல் வாங்கத் தடை, ஒரு வண்டிக்கு இவ்வளவு நைராவுக்குத்தான் எரிபொருள் என்ற உச்சவரம்பு, மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் ஏறத் தடை என்று அந்த ஆணை நீண்டது. கடுனா அதே ஆண்டு மோட்டார் சைக்கிள் சவாரியை நிறுத்தி, மூன்றுசக்கர வண்டிகளைக் காலை ஆறு மணிமுதல் மாலை ஏழு மணிவரை மட்டும் அனுமதித்தது. இவை ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு நோக்கில் காரணம் உண்டு. கும்பல்கள் மோட்டார் சைக்கிளில்தான் வருகின்றன, எரிபொருள் இல்லாவிட்டால் அவற்றால் நகர முடியாது. ஆனாலும் கால்நடை லாரி ஓட்டுநர், விறகு லாரி ஓட்டுநர், அச்சாபாக்காரர் ஆகிய மூவரின் பிழைப்பும் இத்தகைய ஆணைகளால் நின்றுபோனது; அதற்கு ஈடாக அவர்களுக்கு உரிமையாளரின் வாடகையோ வண்டித் தவணையோ நிறுத்திவைக்கப்படவில்லை.

ஜிபியாவின் நிலை இன்னும் மோசம். நைஜர் நாட்டின் மராடி நகருக்குச் செல்லும் எல்லை ஊர் அது. 2019 ஆகஸ்டில் நைஜீரியா தன் நில எல்லைகளை மூடியது. அந்த நவம்பரில் எல்லையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்களுக்கு எரிபொருள் வழங்குவதும் நிறுத்தப்பட்டது. 2020 டிசம்பரில் வேறு சில எல்லைச்சாவடிகள் திறந்தன, ஜிபியாவைத் திறக்க 2022 ஏப்ரலில்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே, 2021-இல், மேற்சொன்ன ஆணை வந்திருந்தது. 2023-இல் நைஜர் நாட்டின் ஆட்சிக் கவிழ்ப்பைத் தொடர்ந்து எல்லை மறுபடியும் மூடப்பட்டு 2024 மார்ச்சில் திறந்தது. அந்த வழித்தடத்தை நம்பியிருந்த ஓட்டுநருக்கு எல்லை, எரிபொருள், சாலை ஆகிய மூன்றும் ஒருசேரத் திறந்திருந்த காலம் குறைவு.

கடைசியாக, படையினரின் துணையோடு அணியாகச் செல்லும் முறை. கடுனாவிலிருந்து பிர்னின் குவாரி வழியாகத் தென்மேற்கே லேகோஸை நோக்கிப் போகும் சாலையும், குசாவிலிருந்து டன்சடாவுக்குப் போகும் சாலையும் இதற்குப் பெயர்பெற்றவை. குறிப்பிட்ட நாளில் வண்டிகள் ஓரிடத்தில் கூடி, படைவண்டிகள் முன்னும் பின்னும் வர ஒன்றாகச் செல்லும். உயிருக்கு இது எவ்வளவோ மேல். தொழில் என்று பார்த்தால், அந்த நாள் வரும்வரை வண்டி சும்மா நிற்க வேண்டும். தக்காளி, மிளகாய் போன்ற சரக்கு அழுகினால் அது பற்றிய தகராறும் ஓட்டுநரிடம்தான் வரும். நடுவழியில் பழுதாகி நின்றுவிட்டால் அணி அவருக்காகக் காத்திருக்கும் என்ற உறுதியும் இல்லை.

தாக்குதல் நேர்ந்துவிட்டால்

வண்டியை நிறுத்த எளிய வழி ஓட்டுநரையோ டயரையோ சுடுவது. ஆகவே துப்பாக்கி முழங்கும்போது வண்டியில் மிகுந்த ஆபத்தில் இருப்பவர் ஓட்டுநர்தான். நிறுத்தாமல் ஓட்டிவிடுவதா, நிறுத்திப் பணிவதா என்பதை அவர் நொடியில் முடிவு செய்ய வேண்டும். 2021 பிப்ரவரியில் நைஜர் மாநில அரசுப் போக்குவரத்து நிறுவனத்தின் பேருந்தையே மறித்துப் பயணிகளைக் கடத்தினார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பிறகு 53 பேர் விடுவிக்கப்பட்டனர். அரசின் பெயர் பொறித்த வண்டிக்கே காப்பு இல்லை என்பதைத் தனியார் வண்டிக்காரர்கள் அப்போது கண்டுகொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சொக்கோட்டோ மாநிலத்தின் சபோன் பிர்னி பகுதியில், பாதுகாப்பான இடம் தேடிச் சென்றுகொண்டிருந்த பயணிகளின் பேருந்து தீக்கிரையாக்கப்பட்டுக் குறைந்தது 23 பேர் உயிரோடு எரிந்தனர்.

உயிர் தப்பினாலும் கணக்கு முடிவதில்லை. நைஜீரியாவின் தேசியப் புள்ளிவிவரப் பணியகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, ஒரு கடத்தலுக்குச் சராசரியாகக் கொடுக்கப்பட்ட பிணைத்தொகையை ஏறத்தாழ 26.7 லட்சம் நைரா என்று மதிப்பிட்டது. அப்போதைய குறைந்தபட்ச மாத ஊதியம் 70,000 நைரா. மூன்று ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஊதியத்துக்கு அது சமம். ஓட்டுநரின் குடும்பத்திடம் விற்பதற்கு இருப்பது நிலம், ஆடுமாடு, அல்லது தவணை முடியும் தறுவாயில் இருக்கும் அந்த வண்டி. வண்டியை விற்று ஆளை மீட்டால், மீண்டு வந்தவருக்குத் தொழில் இல்லை. காப்பீடு உதவுமா என்று கேட்கலாம். சட்டப்படி கட்டாயமானது மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டுமே. அது பிறருக்கு நேரும் சேதத்துக்கு உரியது. ஓட்டுநரின் சொந்த வண்டி எரிந்தாலோ, அவர் பல வாரம் காட்டில் அடைபட்டுக் கிடந்தாலோ அதிலிருந்து ஒரு காசும் வராது.

இதற்கு மேல் ஐயம் வேறு. கும்பலுக்கு உணவும் எரிபொருளும் தகவலும் யாரோ கொண்டுபோகிறார்கள் என்பது உண்மை. அந்த 'யாரோ' அடிக்கடி அவ்வழியில் போகிறவராகத்தான் இருக்க வேண்டும் என்று படையினர் எண்ணுவதும் இயல்பு. சில ஓட்டுநர்கள் பணத்துக்காக அதைச் செய்திருக்கலாம். துப்பாக்கி முனையில் 'இதைக் கொண்டுவா' என்று சொல்லப்பட்டவருக்கு மறுக்க வழியில்லை. ஆனால் மறுபுறம் கும்பலும் அவரைப் படையினரின் ஒற்றர் என்று ஐயுறுகிறது. தப்பிப் பிழைத்த பயணிகளோ, இவரே காட்டிக்கொடுத்திருப்பார் என்று பேசுவார்கள். ஒருமுறை அப்படிப் பெயர் கெட்ட ஓட்டுநரை வண்டி உரிமையாளர்கள் நம்பி வேலைக்கு வைப்பதில்லை. எந்த ஆய்வின் அட்டவணையிலும் ஏறாத இழப்பு இது.

கட்டணத்தை உயர்த்தினால் ஆகாதா?

ஆபத்து கூடினால் கட்டணம் கூடும், அதனால் ஓட்டுநருக்கு ஈடு கிடைக்கும் என்ற வாதம் ஏட்டளவில் சரியாகத்தான் இருக்கிறது. கட்டணங்கள் உண்மையிலேயே உயர்ந்தன. ஆனால் உயர்ந்த கட்டணத்தைக் கொடுக்க முடிந்தவர்களே முதலில் ரயிலுக்கும் விமானத்துக்கும் மாறியவர்கள். மிஞ்சியிருக்கும் ஏழைப் பயணி, கட்டணம் கூடினால் பயணத்தையே கைவிடுவார். சரக்கு லாரிகளில் கூடுதல் வாடகை பெரும்பாலும் உரிமையாளரோடும் தரகரோடும் நின்றுவிடுகிறது. இதற்கிடையே 2023 மே இறுதியில் பெட்ரோல் மானியம் நீக்கப்பட்டது. லிட்டர் சுமார் 190 நைராவாக இருந்த விலை சில நாட்களில் 500-ஐத் தாண்டியது, 2024-இன் இறுதிக்குள் 1,000-ஐயும் தாண்டியது. சுற்றுவழியில் போகும் ஒவ்வொரு கிலோமீட்டரும் முன்பைவிடப் பன்மடங்கு விலையுள்ளதாயிற்று. மேலே போட்ட கற்பனைக் கணக்கில் எரிபொருள் வரியை மட்டும் மாற்றிப் பார்த்தாலே மீதி விளங்கும்.

வழித்தடத்தை விட்டுப் போகிறவர்களும் உண்டு. வடக்கிலிருந்து லேகோஸுக்குச் சென்று வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுவது பல இளைஞர்களின் தேர்வாக இருந்தது. அந்நகர அரசு 2020 பிப்ரவரியிலும் 2022 ஜூனிலும் முக்கியப் பகுதிகளில் மோட்டார் சைக்கிள் சவாரியைத் தடைசெய்ததால் அந்தக் கதவும் பாதி மூடிக்கொண்டது.

நிலைமை எங்கேனும் திரும்புகிறதா என்றால், பிர்னின் குவாரியைக் குறிப்பிட வேண்டும். அங்கே கும்பல்களோடு ஏற்பட்ட உடன்பாட்டைத் தொடர்ந்து, பல ஆண்டுகளாக மூடிக்கிடந்த கால்நடைச் சந்தை 2024 நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. இத்தகைய உடன்பாடுகளை நான் முழுமையாக நம்பவில்லை. கட்சினாவும் சாம்ஃபாராவும் முன்பு செய்துகொண்டவை முறிந்திருக்கின்றன. ஓர் இடத்தில் அமைதி கண்ட கும்பல் அடுத்த மாநிலத்துச் சாலைக்கு நகர்ந்துவிடுவதும் உண்டு. ஆயினும் சந்தை கூடினால் சரக்கும் ஆளும் சேரும், சேர்ந்தால் பேட்டையில் வண்டி விரைவாக நிரம்பும், அன்றைக்கு இன்னொரு நடை கிடைக்கும். ஓட்டுநரின் கடன் கணக்கில் இருக்கும் பழைய வாடகை பாக்கியை அடைக்க, அப்படிப்பட்ட கூடுதல் நடைகள் எத்தனையோ மாதங்களுக்குத் தொடர்ந்து கிடைத்தாக வேண்டும்.